சென்னைக் குழந்தைக்கும் குளிரும்!

சென்னையில் குளிரா? கேட்டாலே சிரிப்பு வரும்.

மார்கழி மாதம். விடியற்காலை. மைலாப்பூர் மாட வீதிகளில் பஜனை போகிறது. வாசலில் பெண்கள் கோலம் போடுகிறார்கள். தாத்தாக்கள் காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். வடநாட்டிலிருந்து வந்தவர்கள் இதைப் பார்த்துக் கேலி செய்வார்கள். "இதுவா குளிர்? எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள்!" என்பார்கள்.

அவர்கள் சொல்வது சரிதான். மார்கழி, தை மாதங்களில் சென்னையில் இரவு உஷ்ணம் 20, 21 டிகிரிக்கு வரும். அதற்குக் கீழே அதிகம் இறங்காது. சென்னை நகரம் கண்ட மிகக் கடுமையான குளிரே 13.9 டிகிரிதான். அது 1895-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பதிவாயிற்று. 1905-ம் ஆண்டு ஜனவரியிலும் ஒரு முறை அதே அளவுக்கு இறங்கியது. இங்கே பனிக்கட்டி விழுந்ததில்லை. குழாய்த் தண்ணீர் உறைந்ததில்லை.

பெரியவர்களுக்கு இது குளிரே அல்ல. ஆனால் அப்போதுதான் பிறந்த குழந்தைக்கு?

உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு கணக்குச் சொல்கிறது. கேட்டால் தூக்கிவாரிப் போடும். 23 டிகிரி உஷ்ணம் உள்ள ஓர் அறை. அதில் ஈரம் துடைக்காமல், துணி சுற்றாமல் ஒரு பச்சைக் குழந்தை கிடக்கிறது. அது எவ்வளவு சூட்டை இழக்கும் தெரியுமா? தண்ணீர் உறையும் பூஜ்ய டிகிரிக் குளிரில், உடம்பில் துணி இல்லாமல் நிற்கும் பெரிய மனிதர் எவ்வளவு சூட்டை இழப்பாரோ, அவ்வளவு!

23 டிகிரி என்பது என்ன? சென்னையின் மழைக்கால இரவுதான். அடையாற்றிலும் தியாகராய நகரிலும் ஜன்னலைத் திறந்தால் வரும் காற்றுதான். அந்தக் காற்றில் தாத்தா மப்ளர் போட்டுக்கொள்கிறார். குழந்தையோ காஷ்மீரத்துப் பனியில் கிடக்கிறது.

மண்பானைத் தண்ணீர்

குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி?

கோடையில் மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. காரணம் எல்லாருக்கும் தெரியும். பானையின் வெளிப்புறம் கசிகிறது. அந்த ஈரம் காற்றில் காய்கிறது. காயும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தாயின் வயிற்றிலிருந்து வரும் குழந்தையும் அப்படித்தான். உடம்பெல்லாம் ஈரம். அந்த ஈரம் காயக் காயக் குழந்தையின் சூடு இறங்குகிறது. முதல் 20 நிமிஷத்துக்குள்ளேயே இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடலாம்.

இன்னும் மூன்று வழிகளில் சூடு களவு போகிறது. எடை பார்க்கும் தட்டு ஜில்லென்று இருந்தால் அது சூட்டை உறிஞ்சும். மின்விசிறிக் காற்று அடித்துக்கொண்டு போகும். பக்கத்தில் உள்ள குளிர்ந்த சுவர்கூட, தொடாமலே சூட்டை இழுத்துக்கொள்ளும்.

நமக்குக் குளிரினால் உடம்பு நடுங்கும். நடுக்கம் உடம்புக்குச் சூடு தரும். பச்சைக் குழந்தைக்கு நடுங்கத் தெரியாது! அதற்குப் பதிலாக இயற்கை அதன் முதுகிலும் கழுத்திலும் பழுப்பு நிறக் கொழுப்பைக் கொஞ்சம் வைத்து அனுப்புகிறது. குழந்தையின் உடம்பு அதை எரித்துச் சூடு உண்டாக்கிக்கொள்கிறது. விறகு கொஞ்சம்தான். சீக்கிரம் தீர்ந்துபோகும். பத்து மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கு அந்தக் கொஞ்சமும் இராது. தோலும் காகிதம் போல மெல்லியது.

குழந்தையின் உடம்பு 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும். 36.5-க்குக் கீழே போனால் எச்சரிக்கை மணி. 36-க்குக் கீழே போனால் ஆபத்து. 32-க்குக் கீழே போனால் உயிருக்கே மோசம். சூடு குறைந்த குழந்தை பால் குடிக்காது. பால் இல்லையென்றால் சூடு மேலும் குறையும். மூச்சுத் திணறும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் டாக்டர் சீட்டில் நிமோனியா என்றோ, கிருமித் தாக்குதல் என்றோ எழுதியிருக்கும். குளிர் என்று எழுதியிராது. உள்ளே நுழைந்த முதல் திருடன் அதுதான் என்பது பல வீடுகளில் தெரியாமலே போய்விடுகிறது.

2015-ம் ஆண்டு உலகத்தில் எத்தனையோ நாடுகளை விட இந்தியாவில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம் பிறந்தன. இன்றும் அந்த நிலை மாறவில்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்குப்படி, எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் 100-க்கு 18 குழந்தைகள் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. 2020-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் மாதம் நிறையாமல் பிறந்தன என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அடையாறு பொங்கிய இரவு

சாதாரண நாளில் வீடு இருக்கிறது. கதவு இருக்கிறது. காய்ந்த துணி இருக்கிறது. இவை மூன்றும் ஒரே இரவில் போய்விட்டால்?

சென்னை அதையும் பார்த்திருக்கிறது. 2015-ம் ஆண்டு நவம்பரில் மழை கொட்டோ கொட்டு என்று கொட்டியது. அந்த ஒரு மாதத்தில் மட்டும் நகரத்தில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பூமி இனிக் குடிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. டிசம்பர் 1-ந்தேதி மறுபடியும் வானம் கிழிந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஏரிக்குக் கீழே ஆங்காங்கே பெருகிய வெள்ளமும் சேர்ந்துகொண்டது. நள்ளிரவில் அடையாறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது.

ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, நந்தனம், கோட்டூர்புரம், அடையாறு. எங்கும் தண்ணீர். கோட்டூர்புரத்துக் குடியிருப்புகளில் கீழ் வீடுகள் மூழ்கின. குடிசைகள் இருந்த இடம் தெரியவில்லை. குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் மாடிக்கு ஓடினார்கள். மின்சாரம் இல்லை. டெலிபோன் இல்லை. சில இடங்களில் ஒரு லிட்டர் பால் 100 ரூபாய்க்கு விற்றது. ராணுவத்தார் வந்தார்கள். மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குக் கொண்டுவந்து ஆட்களை ஏற்றினார்கள். நிறைமாத கர்ப்பிணி ஒருவரை விமானப் படையின் ஹெலிகாப்டர் மொட்டைமாடியிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது. பிறகு அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஊரே சந்தோஷப்பட்டது.

படகில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். மடியில் பதினைந்து நாள் குழந்தை. மேலே மழை. கீழே தண்ணீர். காற்று வேறு. குழந்தையைச் சுற்றிய துண்டு சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது. தாய் அதை இன்னும் இறுக்கிச் சுற்றுகிறாள். பாவம், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த ஈரத் துண்டே மண்பானை வேலையைச் செய்கிறது! ஈரத் துணியில் சுற்றுவதைவிட அதை அவிழ்த்து எறிந்துவிட்டு, குழந்தையைத் தன் நெஞ்சோடு ஒட்டவைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொள்வது எவ்வளவோ மேல். முகத்தை மட்டும் மூடக்கூடாது.

வெள்ளம் வடிந்த பிறகு உதவிப் பொருள்கள் குவிந்தன. அரிசி வந்தது. பாய் வந்தது. பழைய சட்டையும் சேலையும் மலைபோல வந்தன. நல்ல மனசுதான். ஆனால் முகாமில் கைக்குழந்தைக்குத் தேவை பெரியவர் சட்டை அல்ல. நான்கு காய்ந்த பருத்தித் துணி, ஒரு குல்லாய், ஒரு ஜோடிக் காலுறை. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் சாமான். இதைத் தனியாக மூட்டை கட்டி அனுப்ப எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே கதை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல நாட்கள் தண்ணீர் வடியவில்லை. மின்சாரம் வரவில்லை. பாலுக்கு ஜனங்கள் அலைந்தார்கள்.

சைபீரியாவில் சாகவில்லையா?

பனி பெய்யும் ஊரில்தான் குழந்தைகள் குளிரில் சாகும் என்று நினைப்பது தப்பு. குடியிருக்க வீடு இல்லாத ஊரில் சாகும்.

உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர் என்று ஓர் ஊர். 2013-ம் ஆண்டு செப்டம்பரில் அங்கே கலவரம் நடந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிராமத்தை விட்டு ஓடிவந்து முகாம்களில் கூடாரம் அடித்துத் தங்கின. டிசம்பர் வந்தது. கூடாரத்தின் மேல் பனி சொட்டியது. குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அரசாங்கம் நியமித்த குழுவே 34 குழந்தைகள் இறந்ததாகச் சொல்லிற்று. அப்போது உயர் அதிகாரி ஒருவர் சொன்ன பேச்சு நாடு முழுவதும் கொதிப்பை உண்டாக்கியது. குளிரினால் யாரும் சாவதில்லையாம். செத்தால் சைபீரியாவில் ஒரு ஆள் மிஞ்ச மாட்டானாம்!

சைபீரியாக்காரனுக்குச் சுவர் இருக்கிறது. கணப்பு இருக்கிறது. கம்பளி இருக்கிறது. அதனால் அவன் சாகவில்லை. இது அதிகாரிக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பின்லாந்து தேசம் உறைபனி தேசம். அங்கே 1938-ம் ஆண்டிலிருந்து பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அரசாங்கம் ஒரு அட்டைப்பெட்டி கொடுக்கிறது. முதலில் ஏழைகளுக்கு மட்டும். 1949 முதல் எல்லாருக்கும். உள்ளே குழந்தைக்கு வேண்டிய கனத்த உடுப்பு, குல்லாய், போர்வை, மெத்தை எல்லாம் இருக்கும். சாமானை எடுத்த பிறகு அந்தப் பெட்டியையே தொட்டிலாக வைத்துக்கொள்ளலாம். அங்கே குழந்தைச் சாவு இன்று உலகத்திலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்றின் அளவுக்கு இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் 2015-ம் ஆண்டு, அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் துண்டு, உடுப்பு, படுக்கை, கொசுவலை முதலியவை அடங்கிய பரிசுப் பெட்டகம் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது.

காசாவைப் பாருங்கள். சென்னையைப் போலவே அதுவும் கடற்கரை ஊர். சண்டையில் வீடுகள் இடிந்து லட்சக்கணக்கானவர்கள் கூடாரத்தில் கிடந்தார்கள். 2024-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் குளிர் காற்றும் மழையும் அடித்தன. சில நாட்களுக்குள் எட்டுக் கைக்குழந்தைகள் உடம்பு விறைத்து இறந்ததாகச் செய்தி வந்தது என்று ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி ஸ்தாபனம் 2025 ஜனவரியில் அறிவித்தது. அங்கே பனிமலை கிடையாது. நனைந்த கூடாரம்தான் இருந்தது.

கோழிக்குஞ்சு சொன்ன பாடம்

குழந்தையைச் சூடாக வைக்க மனிதன் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறான்.

பிரான்ஸ் தேசத்தில் பாரிஸ் நகரம். அங்கே டார்னியே என்று ஒரு பிரசவ டாக்டர். ஒருநாள் மிருகக்காட்சிச் சாலைக்குப் போனார். அங்கே கோழி முட்டைகளைச் சூடான பெட்டியில் வைத்துக் குஞ்சு பொரித்தார்கள். டாக்டர் நின்று பார்த்தார். குஞ்சுக்கு ஆகும் என்றால் குழந்தைக்கு ஆகாதா? 1880-ம் ஆண்டு வாக்கில் பாரிஸ் பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு வெப்பப் பெட்டி வந்துவிட்டது. இன்குபேட்டர் பிறந்த கதை இதுதான்.

அமெரிக்காவில் இது வேடிக்கையாகவே ஆகிவிட்டது! நியூயார்க் நகரத்தில் கோனி தீவு என்ற பொழுதுபோக்கு இடம். ராட்டினம், சர்க்கஸ் இவற்றோடு குறைமாதக் குழந்தைகளை வெப்பப் பெட்டியில் வைத்துக் காட்சி நடந்தது. மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை இதை நடத்தினார். ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் காசில் குழந்தைகளுக்கு வைத்தியம் நடந்தது. பெற்றோரிடம் ஒரு சல்லி வாங்கவில்லை. குழந்தையைக் காட்சிப் பொருளாக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிகளே கைவிட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகள் அங்கே பிழைத்தன.

1958-ம் ஆண்டு இன்னொரு சோதனை. அமெரிக்காவில் சில்வர்மன் என்ற டாக்டர், வெப்பப் பெட்டியின் சூட்டை இரண்டு மூன்று டிகிரி மட்டும் கூட்டிப் பார்த்தார். 100 குழந்தைகளுக்குச் சுமார் 15 குழந்தைகள் கூடுதலாகப் பிழைத்தன. மருந்து மாத்திரை எதுவும் இல்லை. வெறும் சூடு!

தாயின் நெஞ்சே பெட்டி

வெப்பப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். பணம் வேண்டும். ரிப்பேர் பார்க்க ஆள் வேண்டும். ஏழை நாடு என்ன செய்யும்?

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாடு. தலைநகரம் பொகோட்டா. அங்கே ஏழைகளுக்கான பெரிய பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பெட்டிகள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒரு குழந்தைக்கு வந்த நோய் அடுத்த குழந்தைக்கு ஒட்டியது. 1978-ம் ஆண்டு எட்கர் ரே என்ற டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆஸ்திரேலியாவில் கங்காரு என்ற பிராணி உண்டு அல்லவா? அதன் குட்டி விரல் நீளம்கூட இல்லாமல் பிறக்கும். பிறந்ததும் தாயின் வயிற்றுப் பைக்குள் புகுந்துகொள்ளும். அங்கேயே சூடு. அங்கேயே பால். நம் தாய்மார்களும் அப்படிச் செய்தால் என்ன?

குழந்தைக்கு ஒரு குல்லாய், காலுறை, இடுப்பில் ஒரு துணி. வேறு உடுப்பு இல்லை. தாயின் இரு மார்புக்கு நடுவே நிமிர்த்தி வைக்க வேண்டும். தவளை போல் கைகால் மடங்கியிருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கும். கழுத்து மடங்கி மூச்சு அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே ஒரு துணியால் தாயையும் சேயையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். அவ்வளவுதான்! தோலோடு தோல் ஒட்டுகிறது. தாயின் சூடு குழந்தைக்குப் போகிறது. பசித்தால் பால் பக்கத்திலேயே இருக்கிறது. தாயின் இதயத் துடிப்பும் கேட்கிறது. டாக்டருடைய சக ஊழியர் ஹெக்டர் மார்ட்டினெஸ் இந்த முறையை எங்கும் பரப்பினார். கங்காரு முறை என்றே பெயர் வந்துவிட்டது.

தூளியை முதுகிலும் நெஞ்சிலும் கட்டிக்கொண்டு வேலை செய்யும் தாய்மார்கள் நம் நாட்டில் எவ்வளவோ பேர். அவர்களுக்கு இது புதுசாக இராது. குரங்குக் குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும், பூனை தன் குட்டியைக் கவ்விக்கொள்ளும் என்று மைலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் உபந்நியாசத்தில் கேட்டிருப்பவர்கள், நடுவே ஒரு கங்காருவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பெரிய டாக்டர்கள் சிலர் இதை நெடுநாள் நம்பவில்லை. பெட்டி இல்லாத ஏழைகளுக்கு ஏதோ ஒரு மாற்று என்றுதான் நினைத்தார்கள். அதனால் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா என்று ஐந்து நாடுகள். இந்தியாவில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. ஒரு கிலோவிலிருந்து 1 கிலோ 800 கிராமுக்கு உட்பட்ட 3 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். ஒரு பாதிக்கு, பிறந்த உடனே கங்காரு முறை. மறு பாதிக்கு, வழக்கம்போல முதலில் பெட்டி, உடம்பு தேறிய பிறகு கங்காரு முறை.

முடிவு என்ன? வழக்கமான முறையில் 100-க்கு சுமார் 16 குழந்தைகள் இறந்தன. உடனே தாயின் நெஞ்சுக்குப் போன குழந்தைகளில் 12. நான்கில் ஒரு சாவு தடுக்கப்பட்டது! வித்தியாசம் தெளிவாகத் தெரிந்ததும் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். தெரிந்தே ஒரு பாதிக் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்காமல் இருப்பது நியாயம் அல்ல என்று கருதினார்கள். 2021-ம் ஆண்டு மே மாதம் இந்த முடிவு வெளியாயிற்று. உலகம் முழுவதும் இதைச் செய்தால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் குழந்தைகள் பிழைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் தன் பழைய விதியையே மாற்றியது. எடை குறைந்த குழந்தைக்குப் பிறந்ததும் தாயின் நெஞ்சு. ஒரு நாளில் 8 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை, எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

தாய்க்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தால்? அப்பா சட்டையைக் கழற்றட்டும். பாட்டி செய்யலாம். அத்தை செய்யலாம். உடம்பில் சூடும், கையில் சுத்தமும், மனசில் பொறுமையும் இருந்தால் போதும். "ஆம்பிளை பிள்ளையைக் கட்டிக்கொண்டு உட்காருவதா?" என்று முதலில் கூச்சப்படும் அப்பாக்கள் உண்டு. அரை மணி நேரத்தில் பிள்ளை அவர் நெஞ்சில் தூங்கிவிடும். பிறகு அவரே இறக்கிவிட மாட்டார்.

பாட்டி சொன்னது சரியா?

பாதி சரி. பாதி தப்பு.

குல்லாய் போடு என்றாள் பாட்டி. முழுக்கச் சரி. குழந்தைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பெரிது. பெரும் அளவு சூடு தலை வழியே போகும். பழைய வேட்டித் துணியில் சுற்று என்றாள். அதுவும் சரி. பழைய பருத்தி மிருது. ஈரத்தை உறிஞ்சும். பிள்ளையைத் தாயின் பக்கத்திலேயே விடு என்றாள். லட்சத்தில் ஒரு வார்த்தை.

பிறந்த உடனே வெந்நீர் ஊற்று என்றாள். அங்கேதான் பாட்டி சறுக்கிவிட்டாள். வெந்நீர் ஊற்றும்வரை சுகம். ஊற்றி முடித்த அடுத்த நிமிஷம் குழந்தை மண்பானை ஆகிறது. பிறந்து 24 மணி நேரம் ஆகும்வரை குளிப்பாட்டக் கூடாது. ஈரத்தைத் துடைத்தால் போதும். துடைத்த துணியைப் போட்டுவிட்டு, காய்ந்த வேறு துணி எடுக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்கு டாக்டர் சொல்லும்வரை குளியலே வேண்டாம்.

கதவைச் சாத்திக் குமுட்டி அடுப்பு மூட்டுவதும் ஆபத்து. கரி எரியும்போது வரும் விஷக் காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே தாயையும் பிள்ளையையும் கொண்டுபோய்விடும். சாம்பிராணிப் புகை குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைத்தால் மெல்லிய தோல் வெந்துபோகும்.

பாட்டியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. படித்தவர்கள் வீட்டில் வேறு தப்பு நடக்கிறது. பிரசவம் ஆகி வீட்டுக்கு வருகிறார்கள். வேர்க்கிறது என்று ஏ.சி.யை 18-ல் வைக்கிறார்கள். நேரே கீழே தொட்டில்! பிரசவ அறைக்கே 25 டிகிரிக்குக் குறையக்கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஆபரேஷன் தியேட்டரில் டாக்டருக்கு வேர்க்காமல் இருப்பதா, குழந்தைக்குக் குளிராமல் இருப்பதா என்றால், ஜெயிக்க வேண்டியது குழந்தை.

யாரும் இல்லாத குழந்தை

தாயே இல்லாத குழந்தைக்கு யார் நெஞ்சு?

குப்பைத் தொட்டி ஓரத்தில், கோயில் வாசலில், ஆஸ்பத்திரிப் படியில் விட்டுப்போன குழந்தை என்று பத்திரிகையில் படிக்கிறோம். அநேகமாக விடியற்காலையில்தான் கண்டெடுப்பார்கள். இரவெல்லாம் பனியில் கிடந்திருக்கும். அதைத் தூக்கியதும் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கும். அந்த நேரத்தில் முதல் வேலை, காய்ந்த துணியால் துடைத்து, தலையை மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொள்வது. பிறகு 108-க்குப் போன் செய்யலாம். குழந்தைகளுக்கான 1098-க்கும் சொல்லலாம்.

சென்னைக்கு இப்படிப்பட்ட குழந்தைகளை அணைத்துப் பழக்கம் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, போக்கிடம் இல்லாமல் தம் வீட்டுக் கதவைத் தட்டிய பெண்களுக்காக 1930-ம் ஆண்டு அவ்வை இல்லம் தொடங்கினார். அடையாற்றில் அது இன்றும் இருக்கிறது. தியாகராய நகரில் 1949-ம் ஆண்டு காமராஜர் ஆதரவோடு பால மந்திர் உண்டாயிற்று. எத்தனையோ அனாதைக் குழந்தைகள் அங்கே வளர்ந்தன. பெண் சிசுவைக் கொல்லாதே, எங்களிடம் கொடு என்று 1992-ம் ஆண்டு சேலத்தில் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. பின்னர் அது மற்ற ஜில்லாக்களுக்கும் வந்தது.

தொட்டுப் பார்த்தால் தெரியும்

வீட்டில் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் புறங்கை போதும். முதலில் குழந்தையின் வயிற்றைத் தொடவும். பிறகு பாதத்தைத் தொடவும். இரண்டும் கதகதப்பாக இருந்தால் பயம் இல்லை. வயிறு சூடாகவும் பாதம் ஜில்லென்றும் இருந்தால் குழந்தைக்குக் குளிருகிறது. உடனே நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுக்க வேண்டும். வயிறும் பாதமும் இரண்டுமே ஜில்லென்று இருந்தால், குழந்தை சோர்ந்து, அழவும் தெம்பில்லாமல், பால் குடிக்காமல் இருந்தால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும் வழியிலும் நெஞ்சை விட்டு இறக்கக் கூடாது. பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோகவே தனி 108 வண்டிகள் தமிழ்நாட்டில் உண்டு. அந்த வண்டி வந்து சேரும் வரைக்கும் தாயின் மார்புதான் வண்டி.

அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்கள் ஐப்பசி பிறந்ததும் ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் வைக்கிறார்கள். 2015 கற்றுக்கொடுத்த பழக்கம் அது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதே பையில் நான்கு பருத்தித் துணி, குல்லாய், காலுறை ஆகியவற்றையும் மடித்து வைக்க இடம் இருக்கும்.

கங்காரு முறையில் குழந்தையை எத்தனை நாள் கட்டிக்கொண்டிருப்பது என்று தாய்மார்கள் நர்சுகளைக் கேட்பார்கள். அதைக் குழந்தையே சொல்லிவிடும். எடை ஏறி, இரண்டரைக் கிலோவைத் தொடும் சமயத்தில், அதற்குப் புழுக்கம் தாங்காது. நெளியும். அழும். காலால் உதைத்துக்கொண்டு துணியை விட்டு வெளியே வரப் பார்க்கும். அன்றைக்கு அவிழ்த்துவிடலாம்.